ஜால்ரா, சிங்கி, தப்பு, ஒரு ரைட் சிம்பல்

ஒருத்தரைக் கேவலப்படுத்தணும்னா 'ஜால்ரா' என்கிறோம். கையில் காசில்லாதவனை 'சோத்துக்குச் சிங்கி அடிக்கிறான்' என்கிறோம். பிழைக்கு நாம வச்சிருக்கிற சொல்லும், நம்ம தோட்டங்களில் திருவிழாவுக்கும் சாவுக்கும் முன்னால் போகிற வாத்தியத்தின் பேரும் ஒன்றுதான்: தப்பு. பாடுறவர், ஹார்மோனியம் வாசிக்கிறவர் பேரைத் தமிழ் இப்படி வசையாக்கவில்லை. தாளம் பிடிக்கிற ஆளுக்குத்தான் இந்த மரியாதை.

ஆனா மார்கழி விடியலில் லயம் லயமாகப் போகிற பஜனையை நினைச்சுப் பாருங்க. பாடுறவருக்குத் தொண்டை கட்டியிருக்கலாம், ஹார்மோனியத்தில் இரண்டு கட்டை வேலை செய்யாமல் இருக்கலாம். பாட்டு எப்படியும் போய்ச் சேரும். ஜால்ரா பிடிக்கிற ஆள் இரண்டு தட்டு முந்திப் போனால் மொத்தக் கூட்டமும் தடுமாறும். எல்லாரும் அவர் மேல் சாய்ந்து நிற்கிறோம், யாரும் அவரைப் பார்க்கிறதில்லை.

இந்த விஷயத்தில் ஜாஸ் இசை வேற மாதிரி. அங்கே ஒரு ட்ரம்மரை எடைபோட வேகமான சோலோவைக் கேட்கிறதில்லை. வலது கை ஒரு வெண்கலத் தட்டில் விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறதே, அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அந்தத் தட்டுதான் ரைட் சிம்பல். பொகவந்தலாவையில் நாங்க கொஞ்சப் பேர் ஒரு ஸ்பீக்கரைச் சுற்றி உட்கார்ந்து ஜாஸ் கேட்கத் தொடங்கியபோது எங்களைப் பிடிச்சு நிறுத்தியதும் அதுதான். சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கிட்டார் காணாமல் போகும், பெரிய ட்ரம் வெறும் 'தொப்பு' என்று கேட்கும். அந்தத் தட்டு மட்டும் தெளிவாக வரும்.

அது என்ன அடிக்கிறது என்று நம்ம மொழியில் சொல்லிப் பார்க்கலாம். நாலு அடி கொண்ட ஒரு சுற்று. ஒவ்வொரு அடியையும் 'தகிட' என்று மூன்றாகப் பிரிச்சுக்குங்க: தகிட தகிட தகிட தகிட. முதல் 'தகிட'வில் 'த' மட்டும் தட்டுங்க. இரண்டாவதில் 'த'வையும் 'ட'வையும் தட்டி, நடுவில் இருக்கிற 'கி'யை மனசுக்குள் மட்டும் சொல்லுங்க. மூன்றாவது முதலாவது மாதிரி, நாலாவது இரண்டாவது மாதிரி. டிங்... டிங் கடிங்... டிங் கடிங்... என்று உருளும். இடது கால் ஹை-ஹாட்டை இரண்டாவது அடியிலும் நாலாவது அடியிலும் மூடும். இவ்வளவுதான். அஞ்சு நிமிஷத்தில் கத்துக்கலாம்.

அதற்கப்புறம் ஆயுள் முழுக்க வேலை இருக்கு. அந்த 'ட' எங்கே விழணும் என்பதில்தான் எல்லாம். மெதுவான பாட்டில் அது அடுத்த 'த'வை ஒட்டி விழும், நடையில் ஒரு தளுக்கு வரும். வேகம் கூடக்கூட அது கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு நகரும். ரொம்ப வேகமான பாட்டில் இரண்டு தட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி கிட்டத்தட்ட சமமாகிவிடும். எவ்வளவு நகர்த்தணும் என்று எந்த நொட்டேஷனும் சொல்லாது. கூட வாசிக்கிற பேஸ்காரர் எப்படி நடக்கிறார் என்று காது கொடுத்துத்தான் முடிவு பண்ணணும். இரண்டு பெரிய ட்ரம்மர்கள் இதே நாலு அடியை வாசிச்சாலும் இரண்டு பேரின் நடை மாதிரி வேறுவேறாக இருக்கும்.

தாளம் இந்தத் தட்டுக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஆரம்ப கால ஜாஸில் காலால் மிதிக்கிற பேஸ் ட்ரம்மும் ஸ்னேர் ட்ரம்மும்தான் தாளத்தைச் சுமந்தன. 1930களில் கவுண்ட் பேசி இசைக்குழுவின் ஜோ ஜோன்ஸ் அதை ஹை-ஹாட்டுக்குக் கொண்டுபோனார். அந்தப் பத்தாண்டின் கடைசியில் கென்னி கிளார்க் என்ற இளைஞர் இன்னொரு படி போனார். நாலு அடியையும் காலால் மிதிக்கிறதை விட்டு, ஓட்டத்தை வலது கையில் சிம்பலுக்கு மாற்றினார். காலும் இடது கையும் விடுதலையாச்சு. அவற்றை யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு அடி போட, மற்றவர்களுக்குப் பதில் சொல்லப் பயன்படுத்தினார். பிடிக்காத குழுத்தலைவர் டெடி ஹில் அவரை வேலையை விட்டு அனுப்பினார். வேடிக்கை என்னவென்றால், 1940இல் அதே டெடி ஹில் நியூ யோர்க் ஹார்லெமில் மின்டன்ஸ் என்ற இடத்தை நடத்த வந்தபோது, வீட்டுக் குழுவுக்கு ஆள் தேடிக் கூப்பிட்டது கிளார்க்கைத்தான். பீபொப் என்ற புது ஜாஸ் வளர்ந்த முக்கியமான இடங்களில் அது ஒன்று.

இந்தக் கதை மலையகத்துப் பிள்ளைகளுக்கு ஏன் முக்கியம்? தாளம் எப்பவும் விளையாட்டாக மட்டும் இருந்ததில்லை என்பது நமக்குத் தெரியும். தோட்டங்களில் விடியுமுன் அடிச்சது பெரட்டுத் தப்பு. எழும்பு, பெரட்டுக்களத்துக்கு வா, வேலைக்கு இறங்கு என்று சொன்ன தப்பு அது. அடிச்சது நம்ம ஆள், அடிபட்டது நம்ம தோல், நேரம் மட்டும் துரையுடையது. அதே தப்பு மாசி மாதம் காமன் கூத்தில் ரதிக்கும் மன்மதனுக்கும் அடிக்கும்போது நேரம் நம்முடையதாகிவிடும். வாத்தியம் ஒன்று, அடிக்கிற கை ஒன்று. யாருடைய நேரத்தை அது எண்ணுகிறது என்பதுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் இது இன்னும் கொடூரமாக நடந்தது. 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் ட்ரம் முழங்கிக் கிளர்ந்தெழுந்தார்கள். அதற்கு ஸ்டோனோ கிளர்ச்சி என்று பேர். அடுத்த வருஷமே வந்த சட்டம், அடிமைகள் ட்ரம்மோ கொம்போ வைத்திருப்பதைத் தடைசெய்தது. ட்ரம்மால் சேதி சொல்ல முடியும், ஆள் திரட்ட முடியும் என்று எசமான்களுக்குப் புரிஞ்சிருந்தது. அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் கட்டிய இசைதான் ஜாஸ். அப்படிப்பட்ட ஒரு கை, இனி தாளம் இங்கே ஓடும், மற்ற மூன்று கைகால்களும் தான் நினைச்சதைப் பேசும் என்று முடிவெடுத்தது சின்ன விஷயம் இல்லை என்றுதான் நாங்க நினைக்கிறோம்.

ஒரே ஒரு பாட்டைக் கேட்டு இதைச் சரிபார்க்கணும்னா 'நெஃபர்டீட்டி' கேளுங்க. 1967இல் மைல்ஸ் டேவிஸ் குழு பதிவு செய்தது, வெய்ன் ஷோர்ட்டர் எழுதிய மெட்டு. வழக்கமாக ட்ரம்பெட்டும் சக்சபோனும் மெட்டை ஒரு தடவை சொல்லிவிட்டு சோலோவுக்குப் போவார்கள், ட்ரம்மர் பின்னால் தாளம் போடுவார். இதில் தலைகீழ். முன்னால் நிற்கிற இருவரும் அதே மெட்டைத் திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டே இருக்கிறார்கள். வளர்கிறது, கொந்தளிக்கிறது, கதை சொல்கிறது எல்லாம் பின்னால் இருக்கிறவர்கள்தான், அதிலும் முக்கியமாக ட்ரம்மர் டோனி வில்லியம்ஸ். 1963இல் அந்தக் குழுவில் சேரும்போது அவருக்கு வயசு 17. ஜால்ரா பிடிக்கிறவர் நடு மேடைக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால் நாங்க இந்தப் பாட்டைத்தான் காட்டுவோம்.

இனி, தட்டை எப்படித் தெரிவு செய்யிறது என்பதற்கு வருவோம். எங்களிடம் தம்பிமார் அடிக்கடி கேட்கிற கேள்வி, 'எந்தக் கம்பனி நல்லது?' இந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். முதல் கேள்வி, இது எந்த உலோகம் என்பது.

அதற்கு நம்ம சமையலறையே போதும். பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். வெண்கலம் என்றால் செம்பும் வெள்ளீயமும். பித்தளைக் குடத்தையும் பழைய வெண்கலப் பானையையும் விரலால் சுண்டிப் பாருங்க. பித்தளை சட்டென்று அடங்கும், வெண்கலம் பாடிக்கொண்டே இருக்கும். ட்ரம் செட்டோடு சேர்த்து மலிவாக வருகிற தட்டுகள் அனேகமாகப் பித்தளை. அதற்கு அடுத்த படி, நூற்றுக்கு 8 பங்கு வெள்ளீயம் கலந்த வெண்கலத் தகட்டை வெட்டிச் செய்வது. கூர்மையான, பளிச்சென்ற சத்தம் வரும். ஜாஸ் ட்ரம்மர்கள் பெரும்பாலும் தேடுவது நூற்றுக்கு 20 பங்கு வெள்ளீயம் கலந்து வார்த்து, சுத்தியலால் அடிச்சு, கடைசலில் சீவின தட்டை. வெள்ளீயம் கூடக்கூட நாதம் கூடும், கூடவே உடையிற தன்மையும் கூடும். அதனால்தான் அதைச் செய்யிறது லேசான வேலை இல்லை.

இந்தக் கைவேலைக்குப் பேர்போன ஊர் இஸ்தான்புல். 1623 என்ற ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லும் சில்ஜியன், அங்கே ஒரு ஆர்மேனியக் குடும்பம் தொடங்கியது. 'சில்' என்றால் துருக்கியில் சிம்பல். பேர் முழுவதுக்கும் 'சிம்பல் செய்பவரின் பிள்ளைகள்' என்று பொருள் வரும். குடும்பத்தின் ஒரு கிளை 1929இல் அமெரிக்காவில் தொழிற்சாலை போட்டது. பிறகு அந்த வீட்டுக்குள்ளேயே தகராறு வந்து 1980களின் தொடக்கத்தில் கனடாவில் சேபியன் பிறந்தது. இஸ்தான்புல்லில் மிச்சமிருந்த கைவினைஞர்கள் தனியாகத் தொடங்கிய கம்பனியும் 1996இல் இரண்டாகப் பிரிஞ்சு, இன்றைக்கு அகோப், மெஹ்மெத் என்று இரண்டு பேரில் நடக்கிறது. உலகத்தில் எங்கே போனாலும் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை இருக்கத்தான் செய்யுது.

வெண்கலம் நமக்கும் அந்நியம் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஆதிச்சநல்லூரில், தாழி தோண்டிய இடத்தில், வெள்ளீயம் அதிகமாகக் கலந்த பழங்கால வெண்கலப் பாத்திரங்கள் கிடைச்சிருக்கு. கோயில் மணி, சேகண்டி, தாளம் எல்லாம் இதே குடும்பம். அதனால் ரைட் சிம்பலை வெள்ளைக்காரன் சாமான் என்று ஒதுக்கத் தேவையில்லை. அது தூரத்துச் சொந்தம்.

இரண்டாவது கேள்வி, தட்டின் குணம். இதைப் புரிஞ்சுக்க நம்ம ஊர் மழை போதும். தகரக் கூரையில் மழை பிடிக்கத் தொடங்கும்போது ஒவ்வொரு துளியும் தனித்தனியாகக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் துளியெல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். சிம்பலிலும் இந்த இரண்டும் இருக்கு. குச்சி படுகிற அந்தத் தெளிவான 'டிங்', அதற்கு அடியில் பரவுகிற இரைச்சல். தடிச்ச, பாரமான தட்டில் 'டிங்' மட்டும் பெரிசாக, மணியடிச்ச மாதிரி கேட்கும். ரொக் இசைக்கு அது சரி. மெல்லிய தட்டில் பரவல் அதிகம், வேகமாக வாசிச்சால் துளி எல்லாம் கரைஞ்சுபோகும். ஜாஸுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில்: துளியும் கேட்கணும், அடியில் ஈரமும் இருக்கணும். 20 இலிருந்து 22 அங்குலம் வரை அகலம், மெல்லிசுக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்ட கனம் என்று தேடத் தொடங்கினால் பெரும்பாலும் பிழைக்காது.

மூன்றாவது கேள்வியை நிறையப் பேர் கேட்கிறதில்லை: எங்கே வாசிக்கப் போறீங்க? சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும் உள்ள ஒரு தோட்டத்து மண்டபம் எல்லாச் சத்தத்தையும் திருப்பி அடிக்கும். யூடியூப்பில் இனிமையாகக் கேட்ட பளிச்சென்ற தட்டு அங்கே வெண்கலக் கடையில் யானை புகுந்த கதைதான். அப்படிப்பட்ட இடத்துக்குச் சத்தம் சீக்கிரம் அடங்குகிற, கொஞ்சம் இருண்ட குரலுள்ள தட்டு நல்லது.

இப்ப காசு. நல்ல தரமான 22 அங்குல ரைட் ஒன்றின் புது விலையை 400 அமெரிக்க டொலர் என்று வைப்போம். டொலரை 300 ரூபாவாக வச்சாலே 120,000 ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்க வருஷக்கணக்காகப் போராடி 2021இல்தான் அது கிடைச்சது. 2024இல் அது 1350 ஆனது. அந்தக் கணக்கில் ஒரு தட்டு ஏறக்குறைய 90 முழுப்பேர். ஒரு அம்மா மூன்று மாசம் ஒரு நாள் விடாமல் மலையேறிக் கொழுந்தெடுக்கணும். இந்தக் கணக்கைப் போடாமல் 'சிம்பல் தெரிவு' பற்றி எழுதினால் நாங்களும் சிங்கி அடிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டத்தில் சேர்ந்துவிடுவோம்.

அதனால் பழசு தேடுங்க. சிம்பலுக்குப் பழசு குறை இல்லை. பல ட்ரம்மர்கள் பழகிக் கறுத்த தட்டைத்தான் விரும்புகிறார்கள். வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சு விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்க, மயிரிழை வெடிப்புக்கூட வளரும். கடைசல் வரிகளை ஒட்டி வட்டமாக வெடிப்பு ஓடுதா என்று பாருங்க. நடு ஓட்டை வட்டமாக இல்லாமல் சாவித் துவாரம் மாதிரி நீண்டிருந்தால், ஸ்டாண்டில் சரியாக உறை போடாமல் வருஷக்கணக்கில் வாசிச்சிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். விளிம்பு வெடிச்சிருந்தால் எவ்வளவு மலிவென்றாலும் விட்டுடுங்க.

வாசிச்சுப் பார்க்கும்போது முதலில் மெதுவாக வாசிங்க. சத்தமாக அடிச்சால் எல்லாத் தட்டும் நல்லாத்தான் கேட்கும். மணிக்கும் விளிம்புக்கும் நடுவில் குச்சி முனையால் 'தகிட' ஓட்டத்தை இரண்டு நிமிஷம் விடாமல் ஓட்டுங்க. பரவல் ஏறிக்கொண்டே போய் 'டிங்'கை முழுங்குதா, இல்லை ஒரு அளவில் நிற்குதா? நிற்கிற தட்டுதான் வேணும். பிறகு குச்சியைக் கூட வந்தவரிடம் கொடுத்துவிட்டு இருபது அடி தள்ளி நின்று கேளுங்க. ட்ரம்மர் காதில் கேட்கிறதும் சபையில் கேட்கிறதும் வேறுவேறு. உங்க குச்சியையே கொண்டுபோங்க. சின்ன உருண்டை முனையுள்ள குச்சி துளியைத் தெளிவாக்கும், பெரிய முனை சத்தத்தைத் தடிப்பாக்கும். ஸ்டாண்டில் மேல் திருகாணியை இறுக்காதீங்க, தட்டு ஆடணும். இறுக்கின தட்டு ஊமையாகும், சீக்கிரம் வெடிக்கவும் செய்யும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு முக்கியமான ஆபத்து இருக்கு. கறுத்த வெண்கலத்தைக் கண்டால் நம்ம அம்மாமாருக்குக் கை பரபரக்கும். பொங்கலுக்குப் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் புளியும் சாம்பலும் போட்டு மினுக்கி வச்சால், கம்பனி முத்திரையும் போகும், பல வருஷமாகப் படிஞ்ச அந்த இருண்ட குரலும் மாறும். ஈரத்துணியால் துடைச்சுக் காய வச்சால் போதும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்க.

ஒன்று சொல்லாமல் விட முடியாது. இப்ப நம்ம பக்கத்துத் திருவிழா மேடைகளில் ட்ரம் செட்டையே அதிகம் காணோம். கீபோர்டுக்குள் தாளம் பதிஞ்சு வருது, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அந்தத் தாளம் பிசகாது, சம்பளம் கேட்காது, கோவிச்சுக்காது. ஆனா அது யாரையும் கேட்கவும் கேட்காது. பாடுற தங்கச்சி ஒரு வரியில் உருகி நின்றால் அதுவும் நிற்காது. அது பாட்டுக்குப் போகும், நாமதான் அதற்குப் பின்னால் ஓடணும். பெரட்டுத் தப்பும் அப்படித்தான், யாருக்காகவும் நிற்காது. ரைட் சிம்பலில் இருக்கிற கையும் தாளத்தை விடாமல் பிடிச்சிருக்கு, ஆனா சுற்றியிருக்கிற எல்லாரையும் கேட்டுக்கொண்டே பிடிச்சிருக்கு. காமன் கூத்தில் ஆடுறவன் காலைப் பார்த்துக்கொண்டே அடிக்கிற தப்புக்காரருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. சாதி பார்த்து அவரைத் தள்ளி நிறுத்துகிற நமக்குத்தான் சொல்லணும். அவர் பிள்ளை 'நான் இதைத் தூக்க மாட்டேன்' என்று சொன்னால், அந்த வெட்கத்தைக் கொடுத்தது வாத்தியம் இல்லை, ஊர்.

தட்டு வாங்கக் காசு சேரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. ஒரு தலையணையும் இரண்டு குச்சியும் போதும். முதலில் மெதுவாக, ஒரு அடிக்கு ஒரு மூச்சு. பத்து நிமிஷம் வலது கை மட்டும். 'கி'யை மனசுக்குள் விடாமல் சொல்லுங்க. அலுப்பு வரும், கை முந்தப் பார்க்கும். இன்னொருத்தரைப் பக்கத்தில் உட்கார வச்சு ஏதாவது பாடச் சொல்லுங்க, தெரிஞ்ச சினிமாப் பாட்டானாலும் சரி. அவங்க மூச்சு வாங்குகிற இடம் உங்க காதில் விழத் தொடங்கினால், தாளம் உங்க கைக்கு வந்துகொண்டிருக்கு என்று வச்சுக்கலாம்.